மதில் மேல் அத்தை

வீட்டில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலையிலிருந்து வாயாடி வாயே திறக்கவில்லை. அவ்வளவு கோபம்.

பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க அப்பா, அம்மா, அத்தையோடு சுற்றுலா பஸ்ஸில் வந்திருந்தாள். வருஷக்கணக்காக இந்த ஊருக்கு வர ஆசைப்பட்டது அத்தைதான். எந்த ராஜா எந்த வாசல் வழியாகத் தப்பி ஓடினான் என்பது வரை அத்தைக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பாவம், அவளுக்கு முட்டிவலி. ஊன்றுகோலோடு மெதுவாகத்தான் நடப்பாள்.

வழிகாட்டியோ சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறவர். யாரும் அங்கே இங்கே பார்க்கக் கூடாது, கொடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வர வேண்டும் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். ஊரைப் பார்க்க வந்தவர்கள் ஊரை விட்டுவிட்டுக் கொடியைப் பார்த்து நடந்தார்கள்.

அரண்மனைக்குப் போனபோது அத்தையைப் பஸ்ஸிலேயே இருக்கச் சொன்னார். கடைத்தெருவுக்குப் போனபோதும் அப்படித்தான். தனக்கு ஒன்றுமில்லை, போய்விட்டு வாருங்கள் என்று அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் வாயாடியால் தாங்க முடியவில்லை.

கடைசியாகக் கோட்டை மதில். அதன் மேலே நின்றால் ஆறும் ஊரும் முழுசாகத் தெரியுமாம். அத்தை பார்க்கத் துடித்தது அதைத்தான்.

"செங்குத்தான படி. இந்தம்மாவால ஏற முடியாது" என்று வழிகாட்டியே முடிவு செய்தார். அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அத்தை வரலைன்னா நானும் வரலை" என்றாள் வாயாடி.

மதிலுக்கு முன்னால் ஒரு கம்பளக் கடையில் பஸ் நின்றது. எல்லாரும் உள்ளே போனார்கள். வாயாடி மட்டும் அத்தையைக் கைபிடித்து இறக்கி, வாசலில் அவளோடு உட்கார்ந்துகொண்டாள். முறைத்துக்கொண்டிருந்தவளைச் சமாதானப்படுத்த வழிகாட்டி கொடியை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

வாயாடி அண்ணாந்து பார்த்தாள். மதில் மேலே ஒருவர் ஜூஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"அத்தை, அந்த வண்டி எப்படிப் படியேறுச்சு?"

அத்தை ஊன்றுகோலை இறுகப் பிடித்தாள். "அதானே!"

பக்கத்து ரொட்டிக் கடை அக்காவிடம் கேட்டார்கள். அந்தக் காலத்தில் பீரங்கி இழுத்த சரிவுப் பாதை ஒன்று கடையை ஒட்டிய சந்தின் கோடியில் இருக்கிறதாம். அவசரக்காரர்கள் படியில் ஏறுவார்களாம், வண்டிக்காரர்கள் சரிவில் போவார்களாம்.

இருவரும் கிளம்பினார்கள். வாயாடி யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் கடையிலிருந்து வந்தவர்கள் கொடி நகர்வதைப் பார்த்தார்கள். காலையிலிருந்து பழகிய பழக்கம், வரிசையாகப் பின்னால் வந்துவிட்டார்கள்.

அத்தை நடந்த வேகம்தான் கொடியின் வேகம். அதனால் சூடான ரொட்டி வாங்க நேரம் இருந்தது. பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கவும், கதவுகளில் செதுக்கிய யானைகளைத் தடவிப் பார்க்கவும் நேரம் இருந்தது. அப்பாவுக்குப் பாதி வழியில் விஷயம் புரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையைக் கிள்ளினாள்.

மேலே வந்ததும் அத்தை மதில் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தாள். கீழே ஆறு வளைந்து போனது. ஓட்டுக் கூரைகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பரவியிருந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வழிகாட்டி படிவழியாக மூச்சிரைக்க ஓடிவந்தார். யாரைக் கேட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று கத்தினார்.

வாயாடி கொடியை இறக்கவில்லை. நகரவும் இல்லை.

"ஆளை எண்ணிப் பாருங்க சார். காலையிலேர்ந்து ஒரு ஆள் குறைஞ்சுது. இப்பதான் சரியா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். வழிகாட்டி கொடியை வாங்கிக்கொண்டு, நேரமாகிவிட்டது, உடனே பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று முணுமுணுத்தார்.

அத்தை மதில் ஓரத்தில் வசதியாக உட்கார்ந்தாள். ஜூஸ்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"நான் நாள் பூரா பஸ்ல உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்தேன், தம்பி. இப்ப கொஞ்ச நேரம் பஸ் எனக்காகக் காத்திருக்கட்டும்."