எட்டு மணி வகுப்பில் மாத்தாள்

கரியப்பனுக்கு இரண்டு தோள்பட்டையும் நெருப்பு வைத்ததுபோல் எரிந்தன. வலது உள்ளங்கையில் கிணற்றுக் கயிறு அறுத்த கோடு ஆறவே இல்லை. ஆறுவதற்குள் அடுத்த விடியல் வந்துவிடும். நாலு மணிக்கு எழுந்து அறுபது குடம் தண்ணீர் சேந்த வேண்டும். மூன்று செப்பு அண்டாக்களையும் நிரப்பி, ஈரச் சவுக்கு விறகை ஊதி ஊதிப் பற்றவைக்க வேண்டும். மைசூர்க் குளிரில் விடுதிப் பையன்கள் ஒவ்வொருவராக வாளியோடு வருவார்கள். பெரிய வகுப்புக்காரர்கள் கடைசியில் வருவார்கள். அவர்கள் குளித்து முடிய எட்டரை ஆகிவிடும்.

இந்த வேலைக்குக் கூலியாகத்தான் விடுதியில் அவனுக்குச் சோறும் படுக்கையும். சாயங்காலம் கல்லூரி நூலகத்தில் புத்தகம் துடைத்து அடுக்கினால் சம்பளப் பணம் கட்டாமல் படிக்கலாம். இரண்டு வேலைக்கும் நடுவே எங்கே இடுக்குக் கிடைக்கிறதோ அங்கே படிப்பு.

சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கொள்ளேகால் பக்கம் அப்போது சென்னை ராஜ்யத்தோடு இருந்தது. மார்டள்ளியிலிருந்து வந்த கரியப்பன் மைசூரில் வெளி ராஜ்யத்துப் பையன். அவனுக்காகப் பரிந்து பேச ஒரு குமாஸ்தாகூடக் கிடையாது. அப்பன் பாலாற்றுக் காட்டில் மூங்கில் வெட்டும் கூலி. இன்டர்மீடியட் தேறாவிட்டால் அவனுக்கும் அதே அரிவாள், அதே காடு.

இடைஞ்சல் எட்டு மணி ரசாயன வகுப்பில் இருந்தது. முக்கால் பங்கு நாள் வந்திருக்காவிட்டால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். எட்டு மணிக்குக் கரியப்பன் அண்டா முன்னால் நிற்பான்.

அதற்கு வழி சொன்னவன் சித்தையன். அவனும் மார்டள்ளிதான், ஒரே வகுப்பு. விடுதியில் இடம் கிடைக்காமல், மண்டிப் பேட்டையில் ஒரு மாவு மில்லில் வேலை செய்து அங்கேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வான்.

"உன்ற பேருக்கு நான் குரல் குடுக்கறேன்டா. அந்த வாத்தியாரு நோட்டுலருந்து தலையத் தூக்கறதே இல்ல. நம்மூரு மாத்தாளு மாதிரின்னு வெச்சுக்க."

அவர்கள் ஊரில் இன்று இவன் காட்டில் அவன் களை வெட்டினால் நாளை அவன் காட்டில் இவன் வெட்ட வேண்டும். காசு கிடையாது. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள். அதுதான் மாத்தாள். வாங்கின நாளைத் திருப்பித் தராதவன் வீட்டு எழவுக்குக்கூட யாரும் போகமாட்டார்கள்.

சித்தையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கரியப்பன் தொண்டையை அப்படியே எடுத்து வைத்தமாதிரி "பிரசென்ட் சார்" என்பான். "சார்" மட்டும் கொஞ்சம் இழுக்கும். அதற்குப் பதிலாகக் கரியப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லுக்குப் போய் மூட்டை தூக்க வேண்டும். இரண்டு ஞாயிறு போனான். பிறகு கல்லூரி நாடகத்தில் அவனுக்கு அரண்மனைக் காவல்காரன் வேஷம் கிடைத்தது. கன்னடத்தில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக ஏழு ஞாயிறு ஒத்திகைக்குப் போனான்.

நாடகத்தன்று சாயங்காலம் மில்லுக்குப் போய்க் கேட்டான்.

"நாளைக்கு விடிகால மட்டும் அண்டாவப் பாத்துக்கடா சித்தையா. நாடகம் முடிஞ்சு படுக்கவே நேரமாயிரும்."

"ஒடம்பு கொதிக்குதுடா. நேத்துருந்து காய்ச்ச."

"ஒரே நாள்டா. ரண்டு ஞாயித்துக்கெழமையாத் தந்துர்றேன்."

சித்தையன் இருமிக்கொண்டே சிரித்தான். "உன்ற ஞாயித்துக்கெழமையத்தான் கண்ணுலயே காணமே! ஏழு நிக்குது. செரி, போ. நீ போயி ராசா வாசல்ல ஈட்டியப் புடிச்சுட்டு நில்லு. வெந்நி நான் போட்டர்றேன்."

மறுநாள் விடிந்தும் விடியாத வேளையில் செம்பு கல்லில் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல். கரியப்பன் இரண்டையும் கேட்டான். கேட்டும், அங்கேதான் சித்தையன் இருக்கிறானே என்று போர்வையை இழுத்துத் தலைக்கு மூடிக்கொண்டான்.

கூச்சல் பெருகி அவன் எழுந்து ஓடியபோது சித்தையனை வாழை இலைமேல் கிடத்தியிருந்தார்கள். மயக்கத்தில் அண்டாவைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். அது அப்படியே கவிழ்ந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே பார்க்க முடியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

விடுதி வார்டன் சக்ரபாணி கையில் ரிஜிஸ்டரோடு நின்றார்.

"யார்ரா இவன்? நம்ம ரிஜிஸ்டர்ல இல்லியே. அண்டா உன் வேலைதானே, நீ எங்க போனே?"

வேலைக்கு வேறு ஆளை விட்டது தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். கரியப்பன் சொன்னான், "கொல்லைக்குப் போயிருந்தேங்க சார்."

"இவன உனக்குத் தெரியுமோ?"

"எங்க ஊர்ப் பையந்தாங்க. இங்க எதுக்கு வந்தான்னு எனக்குத் தெரியாதுங்க."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே அவன் வாய் மேலும் பேசியது.

"வெந்நி திருட வந்திருப்பானாட்டம் இருக்குதுங்க."

சித்தையனின் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வார்டன் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சித்தையன் பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். மில்காரர் மார்டள்ளிக்குத் தகவல் அனுப்பினார். ரிஜிஸ்டரில் இருந்த காரணத்தையே அவரும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை. குரல் கொடுக்க இனி ஆள் இல்லை. எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கரியப்பன் எட்டு மணி வகுப்புக்கு ஓடினான். வெயில் வந்துவிட்டது. குதிரை வண்டிகள் மணியடித்துப் போய்க்கொண்டிருந்தன. வகுப்பு வாசலை அடைந்தபோது ஆசிரியர் கேசவமூர்த்தி குனிந்த தலையோடு எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது. நாற்பது. கரியப்பனின் எண் நாற்பத்தொன்று. வாசற்படியிலிருந்தே சொல்லிவிடலாம் என்று அவன் மூச்சை இழுத்தான்.

"நாற்பத்தொன்று."

"பிரசென்ட் சார்."

அவன் வாயைத் திறக்கவில்லை.

குரல் அவனுடையது. "சார்" கொஞ்சம் இழுத்திருந்தது.

கேசவமூர்த்தியின் பேனா கோடு போட்டது. நாற்பத்திரண்டு என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சு காலி. ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. வெயிலில் பெஞ்சுப் பலகையிலிருந்து மெல்ல ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஈரச் சாம்பல் வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனை. வாழை இலைப்பக்கம் குனிந்தபோது மூக்கில் ஏறிய வாசனை.

மறுநாள் அவன் முன்கூட்டியே போய், முன் வரிசையில் ரங்கா என்ற பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்று நான்தான் சொல்வேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் எண் வந்தது. தொண்டையில் கொதிநீர் ஊற்றியமாதிரி சுருக்கென்றது. சத்தம் வரவில்லை.

பின்னாலிருந்து வந்தது.

"பிரசென்ட் சார்."

ரங்கா விலாவில் இடித்தான். "என்னடா கரியா, வாயே அசையலையே! வயித்துலேர்ந்து பேசறியா? தசரா எக்ஸிபிஷன்ல கொட்டாய் போட்டா நல்ல வசூல் ஆகும்டா."

"பின்னால யாரு சொன்னது?" என்று கரியப்பன் கிசுகிசுத்தான்.

"பின்னாலயா? உன் குரல்தானே கேட்டது. ராத்திரி தூங்கினியா இல்லியா நீ?"

அதற்குப் பிறகு அவன் போகவில்லை. எட்டு மணிக்கு அண்டா முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். போகவும் பயம், போகாமலே வேலை நடந்தது என்பதும் உண்மை. தூக்கம் கிடைத்தது, பாடம் படிக்கப் பொழுதும் கிடைத்தது. செத்தவனையும் வேலை வாங்குகிறோம் என்பது தெரிந்தே வாங்கினான். அண்டாத் தண்ணீரில் தன் முகம் தெரியாமலிருக்கச் செம்பால் கலக்கிவிட்டுத்தான் மொண்டு கொடுத்தான்.

பருவக் கடைசியில் வருகைப் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். ரசாயன வகுப்பில், சித்தையன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் சேர்த்து, ஒரு நாள்கூடத் தவறாதவன் ஒரே ஒருவன். நாற்பத்தொன்று. கேசவமூர்த்தி வராந்தாவில் அவனை நிறுத்தித் தட்டிக்கொடுத்தார்.

"விடியற்காலைலேர்ந்து உழைச்சுட்டு ஒருநாள் தவறாம வந்திருக்கே. எல்லாரும் உன்னைப் பாத்துக் கத்துக்கணும்ப்பா."

பக்கத்தில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். நாடகத்தில் விழுந்த கைத்தட்டல் போலவேதான் இருந்தது. கரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வாரத்தில்தான் சித்தையனின் ஆத்தாள் மாதம்மா வந்தாள். மகனின் தகரப் பெட்டியை மில்லிலிருந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, நேரே விடுதிக்கு நடந்து வந்திருந்தாள். கரியப்பன் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவள் பெட்டியை இறக்கிவிட்டு அடுப்பங்கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று அண்டா. ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்தது.

"இதுதானா அப்புனு?"

"ஆமாங்காத்தா."

"ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. மாதம்மா பையன் படிக்கப் போன எடத்துல வெந்நி திருடப் போயிச் செத்தான்னு. களை வெட்டப் போனா அந்த வரப்புலருந்து சிரிக்கறாளுக. நீ கூட இருந்தவன். நீ சொல்லு கண்ணு. என்ற பையன் திருடுனானா?"

கரியப்பன் கோடாலிக் காம்பைப் பிடித்துக்கொண்டான். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. பரீட்சை இன்னும் பத்து நாள். கிணற்றடியில் வார்டன் யாருடனோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியலீங்காத்தா. நான் அப்ப அங்க இல்லீங்க."

மாதம்மா குனிந்து அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெந்நி வேணும்னா ஆத்தா வெச்சுக் குடுத்திருக்க மாட்டனாடா உனக்கு?" என்று சாம்பலைப் பார்த்துக் கேட்டாள்.

அடுப்பில் தீ இல்லை. காலையிலேயே அணைத்தாயிற்று.

நசுங்கின அண்டாவில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

முதலில் அடியில் ஒரு முனகல். பிறகு தளதளவென்று. ஆவி அவர்கள் இருவருக்கும் நடுவில் எழுந்து நின்றது. மாதம்மா அதைப் பார்த்தாள். அப்புறம் கரியப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவள் எதைப் படித்தாளோ, பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். தூக்கிவிடக் கைகொடுக்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பரீட்சை எழுதினான். நன்றாகவே எழுதினான். முடிந்த மறுநாள் காலை, கொள்ளேகால் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி ஏறி உட்கார்ந்தான். மார்டள்ளிக்குப் போய், களை வெட்டுகிற காட்டிலேயே, எல்லார் காதிலும் விழும்படி மாதம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தான்.

டிரைவர் ஏறினார். என்ஜின் உறுமியது. அவனுக்கு வரப்பில் சிரித்த பெண்கள் கண்முன் வந்தார்கள். அவர்களில் அவன் அம்மாவும் ஒருத்தியாக இருப்பாள். இனிச் சிரிப்பு அவள் பக்கம் திரும்பும். கல்லூரிக்குத் தெரிந்தால் எழுதிய பரீட்சையே செல்லாது என்பார்கள்.

கால்கள் தாமாக எழுந்தன. மூட்டைக்காரர்களை இடித்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

கண்டக்டர் உள்ளே தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"கொள்ளேகால் ஒரு டிக்கெட் கம்மியாகுதே. காலேஜுப் பையன் மாதிரி ஒருத்தன் வாங்கினானே... யாரப்பா, எங்க?"

கரியப்பன் கீழே நின்றுகொண்டு, தான் உட்கார்ந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். இருக்கை காலி. அதன் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படர்ந்துகொண்டிருந்தது.

"இங்கதாங்க இருக்கறேன்."

அவன் குரல்.

கண்டக்டர் திருப்தியாகி விசில் ஊதினார். பஸ் கிளம்பிப் போயிற்று. அவன் இடத்தில் அவனுக்குப் பதிலாக ஆள் போய்க்கொண்டிருந்தது. கரியப்பன் புழுதியில் நின்றான்.

அங்கே போன குரல் மாதம்மாவிடம் என்ன சொல்லிற்று, சொல்லிற்றா இல்லையா என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. ஊர்ப்பக்கம் அவன் போகவுமில்லை. இதற்கு மட்டும் மாத்தாள் செல்லாது என்பது மார்டள்ளியில் பிறந்த அவனுக்குத் தெரியும்.

சித்தையன் திருட வரவில்லை, என் வேலையைச் செய்ய வந்தான் என்கிற சொல்லைக் கரியப்பன் தன் வாயால் மாதம்மாவுக்கு இன்னும் தரவில்லை, அது பாக்கி.