லைன் இல்லாத மதியங்கள்

ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதுதான், அலமாரி மேலிருந்த கேமரா மெல்லத் தலையைத் திருப்பி, "அப்பா" என்று கூப்பிட்டது.

மகளின் குரல். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இருந்த அதே சளிபிடித்த கரகரப்பு, 'ப்பா'வை இழுக்கிற அதே செல்லம். அவருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மதியம் ஒரு மணிக்கு நர்ஸக்கா உடம்பைத் துடைத்துவிட்டு, விரிப்பைச் சரிசெய்து, கதவைச் சாத்திக்கொண்டு போனால், மகள் வரும் ஆறு மணிவரை அந்த வீட்டில் அவரும் மின்விசிறியும்தான். அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான் மகள் இந்த நெட் இணைப்பையும் கேமராவையும் வாங்கினாள்.

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'ஹார்ன்' என்றுதான் பெயர். அவர் வாயைத் திறந்தால் வண்டிக்கு வேறு ஹார்ன் எதற்கு என்பார்கள். போன வருடம் பக்கவாதம் வந்து அந்த வாயைத்தான் முதலில் பூட்டியது. கை கால் போயிற்று, நாக்கு மரக்கட்டை ஆயிற்று. புத்தி மட்டும் துடைத்த கண்ணாடி மாதிரி. ஒரு முறை கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

மகள் ஒரு மாதம் விசாரித்தாள். "ஃபைபர்தான்ப்பா சரி. நெட்டு இங்க இறங்குற வேகத்தைத்தான் எல்லாரும் பீத்திக்கிறாங்க. உங்க படம் இங்கேருந்து எனக்கு ஏறி வரணுமே, அந்த வேகத்தை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று படுக்கையில் உட்கார்ந்து அவருக்கே பாடம் எடுத்தாள். கடைசியில் வந்த ஃபைபர்காரர், கால்மாட்டுச் சுவரில் துளை போட்டு, முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழையை உள்ளே இழுத்து, பெட்டியையும் ரூட்டரையும் அவர் கண்ணுக்கு நேரே மாட்டினார்.

"பச்சை எரிஞ்சா லைன் இருக்கு சார். செவப்பு எரிஞ்சா வெளிய எங்கயோ அறுந்திருக்கு. அப்ப இது வெறும் டப்பா. வெளியேருந்து ஒண்ணும் உள்ள வராது."

பெட்டியில் சிவப்பு எரிந்தது.

"அப்பா" என்றது கேமரா மறுபடியும். "தனியாவா இருக்கீங்க?"

மகளுக்குத்தான் அது தெரியுமே.

மின்விசிறி சுற்றும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். கேமராவின் ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விடுகிறார்கள், ஈரத்துணியைச் சிமென்ட் தரையில் இழுப்பதுபோல, நீளமாக, அவர் மூச்சை இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டு. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிட்டா நான் போயிடுவேனா?"

அவர் கத்தினார். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து கத்தியதில் 'ங்ஙா' என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. சின்ன மோட்டார் முனக, கேமரா குனிந்து அவர் வாயைப் பார்த்தது.

"இன்னொரு தடவை" என்றது ஆசையாக.

ஆறு மணிக்கு மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். "சாரிப்பா. மதியமே லைன் போச்சு, உங்களைப் பாக்கவே முடியல. தெரு முனையில தோண்டினவங்க அறுத்துட்டாங்களாம். எனக்கு அங்க இருப்பே கொள்ளல."

அவர் நெற்றியில் அவள் வைத்த உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது. அவர் கண்கள் சுவரில் தொங்கும் அட்டைக்கே போய்ப்போய் வந்தன. அவளே எழுதிய எழுத்து அட்டை. அவள் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள், வேண்டிய எழுத்தில் அவர் கண்ணை மூடுவார். கால் மணி நேரம் ஆயிற்று. கே. ம. ரா.

"கேமராவா? முகம் சரியாத் தெரியலன்னுதானே சொல்றீங்க? நானும் அதையேதான் நெனச்சேன்!"

இரண்டு முறை கண்ணை மூடினார். மறுபடி இரண்டு முறை. அவள் அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடத் தொடங்கியிருந்தாள். அரை மணியில் கேமரா அலமாரியிலிருந்து இறங்கி, கட்டிலின் கால்மாட்டுக் கம்பிக்கு வந்தது. அவர் முகத்துக்கு நாலு முழம்.

மறுநாள் காலையில் பச்சை எரிந்தது. பன்னிரண்டு மணிக்கு மகளே பேசினாள். பின்னால் யாரோ தேநீர் வேண்டுமா என்று கேட்டது, அவள் சிரித்தது எல்லாம் கேட்டது. நர்ஸக்கா போனாள். கதவு மூடிக்கொண்டது. சுவரில் வெயில் ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

சிவப்பு.

"பேசிப் பழகலாமாப்பா?"

அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தார். பழைய தோல் ஊறியதுபோல ஒரு வாடை கால்பக்கத்திலிருந்து ஏறி வந்தது.

"நீங்க பேசலேன்னா பரவாயில்ல" என்றது மகளின் குரல். கேமரா மெதுவாகக் கதவுப்பக்கம் திரும்பி, மகள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. "அவ வரட்டும். அவகிட்டயே கத்துக்கறேன்."

அவர் முனகினார். என்ன செய்வார், பெற்ற வயிறு இல்லாவிட்டாலும் பெற்றவர்தானே. கேமரா திரும்பியது. அவர் முனகலை அப்படியே முனகிக் காட்டியது. மறுபடி கேட்டது. அவர் கொடுத்தார். கிணற்றில் வாளி விடுவதுபோல அது அவர் தொண்டைக்குள் விட்டு விட்டு எடுத்தது. மூன்று மணிக்கெல்லாம் அந்த முனகல் அவருடையதைவிடத் தெளிவாக இருந்தது. நாலு மணிக்கு அதில் நாக்கு முளைத்தது.

ஐந்து மணிக்கு, அவருக்கே மறந்துபோன பழைய குரலில், டிப்போவே திரும்பிப் பார்க்கும் அந்த முழுக்குரலில், கேமரா அதட்டியது.

"படியில நிக்காதே. உள்ள போ. உள்ள போ!"

அன்று சாயங்காலம் மகள் அட்டையை எடுத்தபோது இரண்டே எழுத்துதான் சொன்னார். எ. டு.

"எதைப்பா? கேமராவையா?"

ஆமாம். ஆமாம். ஆமாம்.

அவள் முகம் வாடிப்போயிற்று. "அலையா அலைஞ்சு செட் பண்ணேன்ப்பா." பிறகு அவர் காதுமடல்வரை வழிந்திருந்த கண்ணீரைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேமராவைக் கழற்றினாள். ரூட்டரின் ஒயரைப் பிடுங்கினாள், பெட்டியின் ஒயரையும் பிடுங்கினாள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, சாவியை அவருக்குக் காட்டினாள்.

"போச்சு. திருப்தியா? நாளைக்கு லீவு போட்டுட்டு நானே உக்காந்துக்கறேன்."

ஒரு விளக்கும் இல்லாத சுவரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சமையலறையில் அவருக்கான சாப்பாட்டை மகள் மிக்ஸியில் அரைக்கும் சத்தம். இவ்வளவு நல்ல சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. மிக்ஸி ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

நின்றது.

"கண்ணு" என்றது அவர் குரல்.

அறைக்குள்தான். கேமரா இல்லாத அறைக்குள்.

"கண்ணு, இங்க வாம்மா."

சமையலறையில் பாத்திரம் விழுந்து உருண்டது. வராதே. அவள் ஓடி வரும் காலடி. வராதேடி. கண்ணை இரண்டு முறை மூடினார், இரண்டு முறை, இரண்டு முறை.

"அப்பா!" வாசற்படியில் நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "நீங்களா? நீங்களாப்பா பேசினீங்க?"

"கண்ணு கூசுது. லைட்டை அணைச்சிடு."

அவள் அணைத்தாள். எந்த நாளும் அப்பா சொல்லைத் தட்டாத பெண்.

இருட்டு. அவர் கண்ணிமைகள் அடித்துக்கொண்டன. அவள் பார்க்க வெளிச்சமில்லை. அவள் தடவிக்கொண்டே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மெத்தை தாழ்ந்தது. இந்தப் பக்கமும் தாழ்ந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்று விம்மினாள். நம்பமுடியாமல், சின்ன வயதில் செய்ததுபோல, விரல்களை அவர் உதட்டின் மேல் வைத்தாள். "என் பேரைச் சொல்லுங்க."

தலையணையின் மறுபக்கம், அவரால் திரும்பிப் பார்க்கமுடியாத பக்கம், அவர் குரல் அவள் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னது.

உதட்டின் மேலிருந்த விரல்கள் அசையவில்லை. அவர் உதடும் அசையவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்துகொண்டே வந்தன.