வைக்காதீங்க மேடம்

திட்டினால் போனை வைத்துவிடுவார்கள். பரிமளா இதுவரை பார்த்த ஏமாற்றுக்காரன் ஒவ்வொருவனும் அப்படித்தான். வாயைத் திறந்து நாலு கேள்வி கேட்டால் போதும், விட்டால் போதுமென்று ஓடிவிடுவான். அன்றைக்குப் போன் போட்டவன் வைக்கவில்லை. அவள் திட்டி முடித்து, மூச்சு வாங்கி, போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தபோதும் திரையில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஐப்பசி மழை. மணி நாலரைதான், ஆனாலும் அன்னவாசலில் ஏழு மணி இருட்டு. மதியமே கரண்ட் போயிருந்தது. ஊருக்கு பேங்க் ஏஜென்ட் அவள்தான். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் பேங்க் மெஷின், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. முதியோர் பணம் எடுக்க வந்துபோனவர்களின் ஈரக்குடை வாடையும் வெற்றிலை வாடையும் இன்னும் அறைக்குள் அடைந்துகிடந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் வாசலில் இருந்த குடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று அவளே எழுதி ஒட்டிய நோட்டீஸ் ஈரக்காற்றில் ஒரு முனை பிரிந்து சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. கணவன் திருமுருகன் லாரியில் போய் ஆறு நாளாகிறது. வீட்டில் அவள் மட்டும்தான்.

போனில் வந்தவன் ஆரம்பித்தது எல்லாரையும் போலத்தான். "வணக்கம் மேடம். உங்கள் வங்கியின் கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம். உங்கள் கணக்கு இன்று மாலையோடு முடக்கப்படும்..."

பரிமளாவுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. "ஏன்டா, யாருகிட்ட வந்து? நான் போன் போட்டு நீ எடுத்தா அது கஸ்டமர் கேரு. நீயா போன் போட்டு என்னைய பயமுறுத்துனா அதுக்குப் பேரு களவாணித்தனம். பேங்க்காரன் போன் போட்டு நம்பர் கேப்பானா? இன்னைக்கே முடிச்சாகணும்னு அவசரப்படுத்துறான் பாரு, அவன்தான் திருடன்னு நாங்க ஊரு பூராவும் சொல்லி வச்சிருக்கோம். ஒன்னைய வளத்தவளுக்கு இது தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துருவா. த்தூ!"

மறுமுனையில், தூரத்தில் பல பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சந்தை இரைச்சல். அதற்கு இந்தப் பக்கம், போனுக்கு வெகு அருகில், யாரோ மூச்சுவிட்டார்கள். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிய விசில் போல ஒரு சத்தம். மழையில் லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"வைக்காதீங்க மேடம்," என்றது அந்தக் குரல்.

வைத்துவிட்டாள். விரல் சிவப்பு வட்டத்தைத் தொட்ட அந்த நொடியில், ஈரத்துணியைக் கல்லில் அடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது.

என்ன சத்தமாயிருந்தால் நமக்கென்ன என்று மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். ஆனால் கை துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகவே இந்தப் போன்கள் ஒரு தினுசாகத்தான் வருகின்றன. முன்பெல்லாம் ஆளுக்கும் பேருக்கும் சம்பந்தமே இருக்காது. இப்போது பேரைச் சொல்லி, தெருவைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அத்தையின் கேஸ் கனெக்‌ஷன் செத்துப்போன மாமனார் பேரிலேயே இருப்பது போன வாரம் பேசியவனுக்குத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டுக் கார்த்திகாவுக்கு இலுப்பூர் பேங்கிலும் ஒரு கணக்கு இருப்பது இன்னொருவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் கணவனுக்கே தெரியாத கணக்கு அது. இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவனைத் தவிர வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும்?

போன் மறுபடி அடித்தது. வேறு நம்பர்.

அதே குரல். தொண்டையை இறுக்கிக்கொண்டு மூக்கால் பேசுகிற குரல். எழுதி வைத்ததைப் படிப்பது போல, முதலிலிருந்து, "வணக்கம் மேடம். உங்கள் வங்கியின் கஸ்டமர் கேரிலிருந்து..."

"மானம் ரோசம் ஒண்ணும் கெடையாதா ஒனக்கு?"

"...உங்கள் கணக்கு இன்று மாலையோடு முடக்கப்படும்."

"எங்கிட்டு இருந்துடா பேசுற?"

"சென்னை மேடம்." விசில் மூச்சு. பிறகு மிகச் சின்னக் குரலில், "தயவுசெஞ்சு வைக்காதீங்க."

கெஞ்சுகிற திருடனை அவள் கண்டதில்லை. பயமுறுத்துவார்கள், அதட்டுவார்கள், இந்தியில் வைவார்கள். யாரும் கெஞ்சியதில்லை. அந்தச் சந்தை இரைச்சலுக்குள் இப்போது இன்னொன்றும் கேட்டது. ரப்பர் செருப்புப் போட்ட யாரோ நிதானமாக நடந்துவருகிற சத்தம். சரக். சரக். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்புகிற மாதிரி. பரீட்சை ஹாலில் வாத்தியார் நடப்பாரே, அந்த நடை.

"வைக்கிறேன்டா நாயே," என்றாள். சொன்ன வேகத்துக்கு வைக்கவில்லை.

செருப்புச் சத்தம் நின்றது. திரும்பியது. போனை நோக்கி வந்தது. சரக், சரக், சரக். விசில் மூச்சு வேகமானது.

பரிமளாவின் கை தானாகவே வைத்துவிட்டது. வைக்கும்போது மறுபடி அந்த ஈரத்துணிச் சத்தம். இந்த முறை அதற்குப் பின்னால், பல்லைக் கடித்து அடக்கிய முனகல்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது. எழுந்துபோய் மாற்றத் தோன்றவில்லை. மனசு சும்மாயிருக்கட்டுமென்று தம்பி அறிவுச்செல்வன் அனுப்பிய மெசேஜை எடுத்துப் பார்த்தாள். அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பத்தொன்பது. இடுப்பில் தூக்காத குறையாக வளர்த்து, புதுக்கோட்டையில் காலேஜ் படிக்க வைத்தாள். எட்டு மாதத்துக்கு முன் திருச்சி ஏஜென்ட் ஒருவன் தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போனான். கஸ்டமர் சப்போர்ட் வேலை. "எந்தம்பி ஏசி ரூம்புல ஒக்காந்து பேசுற வேலை பாக்குறான்" என்று இவள் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். ஆபீசில் போன் பேச விடமாட்டார்களாம். வாரத்துக்கு ஒரு வரி வரும். நல்லா இருக்கேன்க்கா. சாப்பிட்டேன். போன வாரமும் அதேதான். அதற்கு முந்தின வாரமும் அதேதான். எழுத்துக்கூட மாறவில்லை.

இதை ஏன் இத்தனை நாளாகக் கவனிக்கவில்லை?

போன் அடித்தது.

எடுத்தாள். பேசவில்லை. காது கொடுத்துக் கேட்டாள். இரைச்சலில் தெலுங்கு கேட்டது, மலையாளம் கேட்டது, தெரியாத பாஷை ஒன்று கேட்டது. எல்லாக் குரலும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன. எல்லாக் குரலும் நயமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தன. எங்கோ ஓரத்தில் ஒருவன் மட்டும் அழுதுகொண்டே வணக்கம் சொன்னான்.

"வைக்கப் போறேன்," என்றாள் பரிமளா, வேண்டுமென்றே.

சரக். சரக். அருகில் வந்தது.

"இல்ல. வைக்கல. சொல்லுங்க சார், கேக்குறேன்."

செருப்பு நின்றது. கொஞ்சம் யோசித்தது. விலகிப் போனது.

 அப்படியானால் அடித்தது இவள்தான். இரண்டு முறை போனை வைத்தாள், இரண்டு முறை அவனுக்கு அடி விழுந்தது. ஒரு மாதமாக ஊர்ப் பெண்களிடமிருந்து போனைப் பிடுங்கிப் பிடுங்கித் திட்டி வைத்தாளே, கைதட்டி வேறு சிரித்தார்களே, அத்தனைக்கும் அங்கே யாருக்கோ விழுந்திருக்கிறது.

"வணக்கம் மேடம்," என்று மறுபடி தொடங்கினான். இழுத்த மூச்சு பாதியில் மாட்டிக்கொண்டது. விசில் நீண்டது. லைன் கோளாறு இல்லை அது. நெஞ்சுச்சளி கட்டினால் வருகிற இழுப்பு. மார்கழி ராத்திரிகளில் அவள் மடியில் சாய்ந்து, நொச்சித்தழை ஆவி பிடித்து, விடிய விடிய அப்படித்தான் அவன் மூச்சுவிடுவான். தொண்டையை மாற்றிக்கொள்ளலாம். மூக்கால் பேசலாம். மூச்சை எப்படி மாற்றுவது?

"அறிவு?"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டேய் தம்பி. அக்காடா."

"மேடம்." குரல் உடைந்து ஒட்டிக்கொண்டது. "இந்தக் கால் ரெக்கார்ட் செய்யப்படுகிறது, மேடம். நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கோம், மேடம்."

எச்சரிக்கிறான். புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் பொங்கியது, சத்தம் வரவில்லை. சுவரில் நோட்டீஸ் தட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சைபர் கிரைம் நம்பர் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த நம்பருக்கு அடித்து என்னவென்று சொல்வது? என் தம்பிதான் திருடன் என்றா? அவர்கள் விசாரித்து, எழுதி, எங்கேயென்று கண்டுபிடிக்கிறவரை இந்தச் செருப்பு சும்மா இருக்குமா?

"உங்கள் மொபைலுக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், மேடம்."

வந்திருந்தது. யாரிடமும் பகிராதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. போகட்டும். எல்லாம் போகட்டும். நிறுத்தி நிதானமாக ஆறு எண்ணையும் சொன்னாள்.

செருப்பு நடந்தது. தூரப் போனது. அடி விழவில்லை.

"நன்றி மேடம்." பிறகு, இரைச்சலின் அடியில், உதடு போனில் ஒட்டியிருக்கும் போல, "அக்கா. ஒரு நாளைக்கு அஞ்சு பேரு. இன்னைக்கு இன்னும் நாலு வேணும்க்கா. இல்லாட்டி..."

லைன் கட்டாகிவிட்டது. அவள் அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தாள். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது.

ஊர்க்காரர்களின் சங்கதியெல்லாம் வெளியே போனது எப்படி என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? இருட்டு கெட்டியாகிவிட்டது. மழை இரைச்சலுக்கு நடுவே, பக்கத்து வீட்டில் போன் அடித்தது.

வேண்டாம். எடுக்காதீங்க அத்தை.

அத்தை எடுத்துவிட்டாள். "அலோ" என்று அவள் கத்துவது சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது. ஓடிப்போய்ப் பிடுங்கலாம். எட்டே எட்டு அடி. பரிமளா எழுந்தாள். நின்றாள். பிடுங்கினால் யாருக்கு விழும்?

கதவு தள்ளப்பட்டது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பொன்னுத்தாய் அத்தை நின்றாள். கையில் போன், ஸ்பீக்கரில்.

"ஏத்தா பரிமளா, கஸ்டமர் கேருங்குறாக. என்னமோ நம்பர் வந்துருக்காம், கேக்குறாக. நீ சொல்லாம யாருக்கும் எதையும் சொல்லப்படாதுன்னுதான் ஓடியாந்தேன்." வெகுளியாகச் சிரித்தாள். "நல்ல புள்ளையாத்தான் தெரியுது. ஒந்தம்பி பாக்குற வேலைதானே ஆத்தா இதும்?"

ஸ்பீக்கரிலிருந்து விசில் மூச்சு அந்த அறை முழுக்கப் பரவியது. அத்தைக்கு அது யாருடைய மூச்சென்று தெரியவில்லை. அவன் சின்னப்பிள்ளையில் தின்ற சோற்றில் பாதி அவள் ஆக்கியது. அவள் கணக்கில் இருப்பது சிங்கப்பூரில் கம்பி கட்டுகிற மகன் கோபிநாத் அனுப்பியது. அந்தப் பணத்தில்தான் மகள் வைஷ்ணவிக்குத் தையில் கல்யாணம்.

"அத்தை..."

சரக்.

"என்னத்தா? ஒடம்பு சரியில்லையா? பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

சரக். சரக்.

"சொல்லுங்க அத்தை," என்றாள் பரிமளா. தன் குரலா என்று அவளுக்கே தெரியவில்லை. "சரியான ஆளுங்கதான். சொல்லுங்க."

"எனக்கு எங்கிட்டு இந்த இருட்டுல கண்ணு தெரியுது? நீயே படிச்சுச் சொல்லிப்புடு." போனை அவள் கையில் திணித்தாள்.

திரை வெளிச்சம் முகத்தில் அடித்தது. பரிமளா படித்தாள். நாலு. ஒன்பது. இரண்டு. மெஷின் முன்னால் உட்கார்ந்து பேசுகிற அதே தெளிவான குரல். பூஜ்யம். ஏழு. ஆறாவது எண்ணில் நிறுத்தினாள். அத்தை அவள் தோளில் நம்பிக்கையாகக் கை வைத்திருந்தாள். அந்தக் கையின் சூடு ரவிக்கையைத் தாண்டி உள்ளே இறங்கியது. செருப்பு வந்தது. மிக அருகில். நின்றது. மேலே ஏதோ ஓங்குகிற காற்றுச் சத்தம்.

"எட்டு."

"நன்றி மேடம்."

"அம்புட்டுதானா?" என்றாள் அத்தை. "நீ இருக்கங்காட்டித்தான் எங்களுக்கு ஒரு பயமும் இல்ல ஆத்தா." போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, வாசலில் இறங்கித் தன் வீட்டுக்குப் போனாள்.

பரிமளா கதவைச் சாத்தப் போனாள். எதிர்வீட்டிலிருந்து ஒரு போன் வெளிச்சம் மழையில் இறங்கி, ஆடி ஆடி, இவள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. "பரிமளாக்கா, ஒரு நிமிசம்..." கார்த்திகா. அவளுக்குப் பின்னால், தெருமுனையில், இன்னொரு வெளிச்சம். அதற்கும் பின்னால் இன்னொன்று.