தூசு ஒட்டாத கேமரா

பாஸ்கரனின் காருக்கு ஓட்டுப்போடும் வயது வந்துவிட்டது. விற்கச் சொன்னால் "அந்தக் காலத்து இரும்பு" என்று பானெட்டைத் தட்டுவார், துரு உதிரும். போன வாரம் அந்த இரும்பை ரிவர்ஸ் எடுத்தபோது, பேத்தி தன்விகாவின் மூன்று சக்கர சைக்கிள் பின்சக்கரத்தில் நசுங்கியது. குழந்தை அப்போதுதான் அதிலிருந்து இறங்கிப் பூனையைத் துரத்திக்கொண்டு போயிருந்தது.

மனைவி சுகுணா கத்தவில்லை. "பின்னாடி கேமரா வெக்காம அந்த வண்டியத் தொட்டீங்கன்னா, புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஆகவே ஒரு மதியம், ஓசூர் பாகலூர் சாலையில் காலித்தின் கார் ஆக்சஸரீஸ் கடை முன் வந்து இறங்கினார். லாரிகள் கிளப்பிய புழுதி கடைக்குள் குடியேறியிருந்தது. சீட் கவர், ஹாரன், காலித்தின் புருவம், எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

காலித் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு கேமராவை எடுத்து வைத்தான். "இது போதும் சார். நம்பர் பிளேட் மேல மாட்டிடலாம்."

பாஸ்கரன் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இட்லியைக்கூட ஆய்வு செய்துதான் அனுமதிப்பார். "தண்ணி, தூசு தாங்குற ஐபி ரேட்டிங் என்ன? லென்ஸ் கோட்டிங் என்ன?"

"புள்ள நின்னா தெரியும் சார். அதுக்குத்தானே?"

இவ்வளவு எளிய பதிலை அவரால் ஏற்க முடியவில்லை. அப்போதுதான் கீழ்த்தட்டில் இருந்த இன்னொரு கேமரா கண்ணில் பட்டது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தூசே இல்லை. பலகை ஈரமாகப் பளபளத்தது.

காலித் குரலைத் தாழ்த்தினான். "அது விக்கிறதுக்கில்ல சார். கிருஷ்ணகிரி ரோட்டுல அடிபட்ட ஃபாரின் வண்டியில கழட்டினது. தூக்கிப் போடலாம்னா பசங்க தொட மாட்டேங்கறானுங்க."

"வேலை செய்யலையா?"

"செய்யுது சார்." தட்டிலிருந்து ஓரடி தள்ளி நின்றான். "நாங்க யாரும் அதத் தொடச்சதே இல்ல."

"அதான்யா ஃபாரின் தரம்! மாட்டு." ஆபீசில் வைத்திருந்த குரலை எடுத்தார். கேமராவும், டாஷ்போர்டில் அதன் திரையும் மாட்டப்பட்டன.

மறுநாள் மழை. காரின் பின்பக்கம் முழுக்கச் சேறு, லென்ஸ் மட்டும் கண்ணாடித் துளி மாதிரி. பாஸ்கரன் தங்கள் லேஅவுட்டின் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டி உரையாற்றினார். "நானோ கோட்டிங். தானே சுத்தம் பண்ணிக்கும். தொட்டுப் பாருங்க."

எதிர்வீட்டுக் கன்னடக்காரர் கங்கப்பன் தொட்டார். விரலோடு பிசினாக ஒரு நூல் இழுபட்டு வந்தது. மோந்து பார்த்தார்.

"தூ! ஏனு சார் இது, வாய் நாத்தம் அடிக்குது!"

"ஹைட்ரோஃபோபிக் லேயர், தண்ணி ஒட்டாது" என்றார் பாஸ்கரன், சற்றும் அசராமல். தானும் தொட்டுப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு உச்சிவெயிலில், சந்தைக்குப் போக வண்டியை எடுத்தார். ரிவர்ஸ் கியர். திரையில் கேட், தெரு, மஞ்சள் கோடுகள். தெருவில் ஆளில்லை.

திரை இளஞ்சிவப்பானது.

தடித்த, வெடிப்பு விழுந்த ஏதோ ஒன்று. மேலே வெள்ளையாக மாவு படிந்திருந்தது. அரிசி அரிசியாகப் புடைப்புகள். கீழிருந்து மேலாக, மெதுவாக ஏறியது.

சளப்.

சத்தம் திரையிலிருந்து வரவில்லை. டிக்கிக்குப் பின்னாலிருந்து வந்தது.

பிரேக்கை மிதித்தார். திரை தெளிந்தது. கேட்டருகே யாருமில்லை.

மறுபடி வந்தது. இந்த முறை அவசரமே இல்லை. ருசித்தது.

இறங்கி ஓடிப் பார்த்தார். நம்பர் பிளேட்டிலிருந்து வெதுவெதுப்பாக எச்சில் வடிந்துகொண்டிருந்தது. சொத்தைப் பல்லில் தங்கி அழுகிய கறியின் நாற்றம். அதே பிசினைத் தன் விரலால் தொட்ட ஞாபகம் வந்தது. தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் தன் குரோட்டன்ஸ் தொட்டியிலேயே குனிந்து வாந்தியெடுத்தார்.

கேமராவை வயரோடு பிடுங்கினார். கேரிபேக்கில் சுற்றி, ஸ்கூட்டரில் தென்பெண்ணைப் பாலத்துக்குப் போனார். ஆறு வழக்கம்போல் ஆலைக்கழிவின் வெள்ளை நுரையைக் கக்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் எறிந்தார். நுரை மூடிக்கொண்டது.

வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: நாளைக்கே காலித்திடம் அந்த அட்டைப்பெட்டிக் கேமராவை வாங்கிவிட வேண்டும். கோட்டிங்காவது மண்ணாவது. புள்ள தெரிந்தால் போதும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியிலிருந்து சுகுணா கத்தினாள். "ஏங்க, வந்துட்டீங்களா? புள்ள மூஞ்சி பூரா ராகிக் கூழ். கொஞ்சம் தொடச்சி விடுங்க!"

தன்விகா ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கவிழ்ந்த கிண்ணம். அவள் முகத்தில் கூழ் இல்லை. கன்னம் இரண்டும் ஈரமாகப் பளபளத்தன.

அந்த நாற்றம்.

"தனு... யாரும்மா தொடச்சா?"

குழந்தை அவரைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரித்தாள். கூழ் அப்பிய கையை விரித்து அங்கே நீட்டினாள்.

விரல் விரலாக, அது சுத்தமாகிக்கொண்டே வந்தது.