மடிப்புக் கலைந்த விரிப்பு

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? ஓட்டலுக்குப் போற விரிப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாரு! மடிப்பு கலைஞ்சா உங்கப்பனா வந்து தேய்ப்பாரு?"

மாமியாரின் குரல் கேட்டதும், வயிற்றோடு அணைத்திருந்த விரிப்பை அவள் பதறிப்போய் மேசைமேல் வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு அதில் இன்னும் இருந்தது. அந்தச் சூடுதான் அவளுக்கு மருந்து. மாதவிலக்கு வந்துவிட்டால் அடிவயிற்றைப் பிழிந்தெடுத்துத் தொடைவரை இறங்கும் அந்த வலியோடுதான், வீட்டு முன்னறையில் இருந்த சலவைக் கடையில் அவள் நாள் முழுக்க நின்று தேய்த்தாள்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, ஒருவராவது "வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்ற ஏக்கம்தான் அவளை அரித்துத் தின்றது.

போன மாதம் வீட்டில் பெரிய பிரளயமே நடந்தது. அவள் தலையணைக்கடியில் இருந்த ரோஜா நிற மாத்திரை அட்டையை மாமியார் தெருமுனை மருந்துக்கடையில் கொண்டுபோய்க் காட்டினாள். கர்ப்பம் தரிக்காமல் இருக்கப் போடுவது என்று கடைக்காரர் சொன்னதுதான் தாமதம்!

"பேரப்பிள்ளைக்கு நான் தவம் கெடக்குறேன்... இவ திருட்டுத்தனமா மாத்திரை முழுங்குறா!"

"வலிக்குத்தான் அத்தை ஆஸ்பத்திரியில குடுத்தாங்க... கொஞ்ச நாளைக்கு..."

யார் காதில் ஏறியது? கணவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாய் திறக்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷன்! வீட்டின் நிம்மதிக்காக அவள் அன்றே மாத்திரைகளைக் குப்பையில் போட்டாள்.

அவளா குழந்தை வேண்டாம் என்றவள்? ஓட்டல் துணிகளோடு சின்னத் தொட்டில் விரிப்பு வந்தால், அதை மட்டும் யார் கையிலும் தராமல் தானே தேய்ப்பாள். தேய்த்து முடித்தும் கீழே வைக்க மனசு வராது.

உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது. 'குட்டி' என்று எல்லோரும் கூப்பிடும் நாத்தனார், கல்லூரிக்குக் கிளம்பியவள், குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தாள்.

"அண்ணி... முடியல அண்ணி..."

"மாசாமாசம் இதே கூத்து! பொண்ணாப் பொறந்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். எழுந்திருடி!" என்றாள் மாமியார்.

"இல்ல அத்தை!" இதுவரை எதிர்த்துப் பேசாத மருமகளின் குரல் உயர்ந்தது. "எங்கம்மாவும் இப்படியேதான் சொன்னாங்க. என்னைத்தான் யாரும் நம்பல... குட்டியை நான் விட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!"

டாக்டரம்மா குட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற ஜவ்வு மாதிரியே வெளியிலயும் வளர்ந்து இந்தப் பாடு படுத்தும். எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. ஏறக்குறைய பத்துப் பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு இருக்கும்மா. இவளுக்கும் அதுவாத்தான் தெரியுது, ஸ்கேனும் பார்த்துடுவோம். நடிப்புன்னு நெனச்சு வருஷக்கணக்கா விட்டுடுறாங்க. சிலருக்குக் குழந்தை தங்குறதே கஷ்டமாயிடும். இப்போதைக்கு இந்த மாத்திரையைப் போடட்டும்."

திரும்பும் வழியில், அதே மருந்துக்கடைக்காரர் நீட்டிய அட்டையை மாமியார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே ரோஜா நிற அட்டை!

"ஐயோ, இது புள்ள வேண்டாம்னு போடுறதாச்சே! என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகலையே!"

"இந்த வலிக்கும் இதைத்தான்மா குடுப்பாங்க."

"அன்னைக்கு ஏன்யா இதைச் சொல்லல?"

"அன்னைக்கு அட்டையை நீட்டி என்ன மாத்திரைன்னு மட்டும்தானே கேட்டீங்க? யாருக்கு, எதுக்குன்னு சொல்லலையே!"

வீட்டுக்கு வந்ததும் மாமியார் குட்டியைப் படுக்க வைத்துவிட்டு, நேரே கடைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள். நன்றாகச் சூடேற ஒரு விரிப்பைத் தேய்த்து மடித்து மகளின் வயிற்றில் வைத்தாள். இன்னொன்றைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகளிடம் வந்தாள்.

"அத்தை... ஓட்டலுக்குப் போறது... மடிப்பு..."

"கலையட்டும். நான் தேய்ச்சுக்கிறேன்."

வாசலில் வண்டிச் சாவியோடு நின்ற மகனை அவள் திரும்பிப் பார்த்தாள். "ஓட்டல்காரன்கிட்ட நாளைக்குத்தான்னு போய்ச் சொல்லு. அதுக்காவது வாயத் தொற!"

பிறகு மருமகளின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அந்தச் சூட்டை அவள் அடிவயிற்றில் மெல்ல அழுத்தினாள்.

"ரொம்ப... வலிக்குதாம்மா?"

இந்தக் கேள்வி எப்போதாவது வந்தால், "பரவாயில்ல அத்தை" என்று சிரித்தபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்.

"வலிக்குது அத்தை... ரொம்ப வலிக்குது!"

மாமியாரின் தோளில் முகம் புதைத்து அவள் வாய்விட்டு அழுதாள். இருவருக்கும் நடுவில் அந்த விரிப்பு கசங்கிக்கொண்டிருந்தது.