தங்கச்சியின் ரேம்

துப்பாக்கி வெடித்த சத்தம் காதில் விழுந்து, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் திரையில் கை அசைந்தது. கஜேந்திரன் பல்லைக் கடித்தான். ரேம் கூட்டிப் போட்டால் கேம் பறக்க வேண்டும். இதுவோ சாயங்காலம் ஐந்தரை ஆனால் போதும், சண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்கிறது. இன்றோடு மூன்று நாள்.

அந்த ரேம் அவன் தங்கை இராஜகுமாரியின் லேப்டாப்பில் இருந்தது. கீபோர்ட் பழுது பார்க்கச் சொல்லி கட்டுகஸ்தோட்டையில் அவன் வாடகை வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அடுத்த வாரமே ஹுன்னஸ்கிரியவில் மண் சரிந்து, குடியிருந்த தோட்டத்து லய வீட்டோடு போய்விட்டாள். கிளினிக்குக்காக அவனிடம் வந்திருந்த அம்மா மட்டும் தப்பினாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பிள்ளையின் பொருளைத் தொடாதே என்று அம்மா சொல்லித்தான் இருந்தாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஒன்பதாம் நாளே அவன் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, ரேமைத் தன் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டான்.

அதைவிடப் பெரிய பாவமும் ஒன்று உண்டு. மண் சரிந்த அன்றைக்கு ஐந்தரைக்கு அவள் கோல் பண்ணினாள். கேம் பாதியில் இருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

"கடைசியா ஒனக்குக் கோல் பண்ணுச்சாடா?" என்று அம்மா கேட்டபோது, "இல்லம்மா" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அன்றிலிருந்து அவனுக்குச் சோறுதான் இறங்கவில்லை.

அக்குறணையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நஸீப், அவனோடு சேர்ந்து விளையாடுகிறவன், ஹெட்போனில் வழி சொன்னான்.

"ரெண்டு ரேமும் ஸ்பீடு ஒத்து வராட்டி இழுக்கும் மச்சான். பழச கழட்டிட்டு இத மட்டும் போட்டுப் பாரேன்."

அப்படியே செய்தான். விசிறியில் தூசு தட்டினான், டிரைவர்களைப் புதுப்பித்தான், சூட்டைப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் ஐந்தரைக்கு மறுபடி படுத்துக்கொண்டது. கேமை மூடியும் மெமரி நிரம்பியே கிடந்தது. எது நிரப்புகிறது என்று பட்டியலில் தேடினால் ஒன்றுமில்லை. வெளியே தூறல்தான், ஆனால் ஹெட்போனுக்குள் தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல் கேட்டது, லேப்டாப் விசிறி தள்ளிய சூடான காற்றில் பெயர்ந்த ஈர மண்ணின் வாசம் வந்தது, யாரும் தொடாமலே மைக் விளக்கு எரிந்தது.

"மச்சான், ஒன்ட பக்கத்தில யாரு?" என்றான் நஸீப்.

"யாருமில்ல. அம்மா குசினியில இருக்காங்க."

"இல்லடா, பொம்புளப் புள்ள. மூச்சு வாங்குது. 'எடுண்ணே, எடுண்ணே'ண்டு சொல்லுது."

கஜேந்திரன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். லேப்டாப்பை அணைத்தான். மூடியைத் திறந்தான். பட்டரியைக் கழற்றினான். ரேமை இழுத்தான். அது இருந்த இடத்தில் ஈரம். சிவந்த சேறு. நேற்று இல்லை. நிச்சயமாக இல்லை.

ரேமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். கையைத் தேய்த்தான். மறுபடி தேய்த்தான். நகக்கண்ணில் இருந்த சிவப்பு போகவில்லை.

திரும்பி வந்தான்.

அம்மா அவனுடைய கதிரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெட்போன். அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

"ம்... ம்... இங்கதான் நிக்கிறான் பிள்ள."

"அம்மா..."

அம்மா திரும்பினாள். கோபமே இல்லாத முகம்.

"கோல் பண்ணுச்சாமேடா. வெளிய ஓடவா, உள்ளயே இருக்கவான்னு ஒன்னத்தான் கேக்கணும்னு நெனச்சிச்சாம்."

ஹெட்போனைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவளுடைய இரண்டு காதுகளிலும் மண் அடைத்திருந்தது.

"பேசுடா. இன்னும் லைன்லதான் இருக்கு."

ஹெட்போனுக்குள் யாரோ மண்ணை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தார்கள்.