அழுத்தி வைத்த குரல்

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே கும்மிருட்டு. சத்தமே புகாமல் கட்டிய இடத்தில் வெளிச்சம் மட்டும் எப்படிப் புகும்? பெரியவள் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைத் தடவித் தடவி சுவிட்சைத் தேடினாள்.

நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒலிப்பதிவு ஸ்டுடியோ அது. சுவரில் ஒட்டிய துணி ஈரம் குடித்து மக்கியிருந்தது. அந்த வாடைக்கு அடியில் இன்னொன்றும் மெல்ல வந்தது. பழைய ரேடியோவின் கண்ணாடி டியூப் சூடேறும்போது அதன் மேல் தூசி கருகுகிற வாடை. மெயின் சுவிட்சையே இன்று காலையில்தான் போட்டிருக்கிறார்கள், அதற்குள் எது கருகும்? பெரியவள் மூக்கைச் சுளித்ததோடு சரி, மேலே யோசிக்கவில்லை.

பெரியவள், சின்னவள் என்பதெல்லாம் வீட்டில் விழுந்த பேர்கள். அம்மா கண்ணை மூடியபோது சின்னவளுக்குப் பல்கூட முளைத்து முடியவில்லை. தூக்கி வளர்த்தது அக்காதான். பழைய டியூப் கருவிகளுக்கு உயிர் கொடுக்கிற வேலை அக்காவுக்கு, பாட்டு தங்கச்சிக்கு. இந்த மாதக் கடைசியில் சின்னவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்த ஸ்டுடியோவின் சொந்தக்காரர்.

அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி இதே அறையில், இதே பதிவு மேசைக்கு முன்னால் கரண்ட் அடித்துச் செத்துப்போனவள். ஸ்டுடியோவே அவள் பேரில்தான் இருந்தது, பதிவு வேலை, கருவி ரிப்பேர் முழுக்க அவள் கைதான். மழை நாள், தரை ஈரம், கை ஈரம், விதி என்று ஊர் பேசி முடித்துவிட்டது. செத்தவள் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறாள்?

"பாவம்க்கா அவரு. நாலு வருஷமா தனியா தவிச்சுட்டாரு" என்று சின்னவள் சொன்னபோது பெரியவளுக்கும் மனசு இளகத்தான் செய்தது.

கல்யாணத்துக்கு முன்னால் சின்னவளின் பாட்டு இங்கேயே பதிவாக வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. அதற்கு மேசையடியில் கிடக்கும் அந்தப் பழைய டியூப் லிமிட்டர் வேலை செய்ய வேண்டும்.

"எனக்கு ஃப்யூஸ் மாத்தக்கூடத் தெரியாதுக்கா. நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரி" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலோடு போய்விட்டார். அறைக்குள் காலே வைக்கவில்லை.

லிமிட்டர் என்றால் பெரிய மாயமொன்றும் இல்லை. பாடுகிறவர் திடீரென்று குரலை உயர்த்தினால் பதிவு கிழிந்துபோகும். அந்த நேரத்தில் குரலைப் பிடித்துக் கீழே அழுத்தி வைக்கிற பெட்டி அது. எவ்வளவு அழுத்துகிறது என்பதை முகப்பில் ஒரு முள் காட்டும். அழுத்த அழுத்த முள் கீழே சாயும், விட்டால் மேலே எழும். சின்னவளுக்குச் சட்டென்று எகிறுகிற குரல். பழைய பெட்டியோ ஒரு முறை பிடித்தால் லேசில் விடாது. விடுகிற வேகத்தைக் கூட்டி, செத்த டியூப்களை மாற்றி, ஊதிப்போன கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதிது வைக்க வேண்டும். பெரியவளுக்கு இதெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

மூடியைக் கழற்றினாள். கெப்பாசிட்டர் பொல்லாதது, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டை வயிற்றில் வைத்திருக்கும். அதனால் கை வைக்குமுன் ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரண்டு முனையையும் தொட்டுவிடுவது வழக்கம். நாலு வருஷமாக ப்ளக்கே செருகாத பெட்டியில் என்ன இருக்கப்போகிறது என்று ஒப்புக்குத்தான் தொட்டாள்.

டப்பென்று நீலமாக வெடித்தது. ஸ்க்ரூ டிரைவரின் நுனி உருகிவிட்டது.

அதைக் கீழே போட்டாள். டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். ப்ளீடர் என்று ஒரு சின்ன ரெசிஸ்டர் உண்டு. பெட்டியை அணைத்ததும் மிச்சக் கரண்டை வடித்துவிடுவது அதன் வேலை, உள்ளே கை விடுகிறவர்களின் உயிர்க்காவல். அது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பிக் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டரால் நறுக்கிய கால்கள். ரிப்பேர்காரன் யாரும் அப்படி வெட்டமாட்டான், சால்டர் ஈயத்தை உருக்கித்தான் எடுப்பான்.

யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். ஆனாலும் யார் மேல் என்ன சொல்வது? அந்தக் கால்களை எடுத்துவிட்டுப் புது ப்ளீடரை வைத்துப் பற்றவைத்தாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வந்து மூடியைத் திறந்தாள்.

ப்ளீடரைக் காணோம். இரண்டு கால்களும் பளபளவென்று நறுக்கியிருந்தன.

"யாருடா என்கிட்ட விளையாடுறது?" என்று சத்தமாகவே கேட்டாள். அந்த அறையில் கேள்விக்கு எதிரொலிகூடக் கிடையாது. பிடிவாதக்காரி, இன்னொன்றை எடுத்துப் பற்றவைத்தாள். பிறகு பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினாள். மைக் எதுவும் செருகவில்லை. டியூப்கள் மெல்லச் சிவந்தன.

முள் சாய்ந்தது.

ஒன்றுமே உள்ளே போகவில்லை. எதை அழுத்துகிறது?

முள் இன்னும் சாய்ந்தது. எழுந்தது. மறுபடி சாய்ந்தது. மூச்சுக்கு மூச்சு யாரோ கதறினால் எப்படிச் சாயுமோ, அப்படி.

காதில் இரைச்சல்கூட இல்லை. அந்த அமைதியின் அடியிலிருந்து, கழுத்தை நெரித்த மாதிரி ஒரு பெண் குரல் வந்தது.

"போடாத."

பெரியவள் ஹெட்ஃபோனைப் பிடுங்கினாள். கையில் பிடித்திருந்த அதிலிருந்து இன்னொரு முறை, சின்னதாக:

"அவன் வரட்டும்."

அன்று சாயங்காலம் சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமாடி?" என்று கேட்டாள். சின்னவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்க்கா? நீ தனியா நிக்கிறேன்னா நானும் நிக்கணுமா?"

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது.  பெட்டிக்குள் இரண்டு கம்பியைப் பார்த்தேன், காதில் ஒரு குரல் கேட்டேன் என்றா சொல்வது? பைத்தியம் என்பாள். எழுந்து விளக்குப் போடப் போனாள்.

மறுநாள் காலையில் ப்ளீடர் மறுபடி வெட்டிக் கிடந்தது. மூன்றாவதாக ஒன்றைப் பற்றவைத்தாள், மூடியைப் போடாமலே கரண்ட் கொடுத்துப் பார்த்தாள். மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டினார்.

"முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது மாப்பிள்ளை."

"அந்த ப்ளீடர் புதுசா போட்டுட்டீங்கல்ல? அது இல்லாம யாராவது கையை கிய்யை விட்டுடப் போறாங்க."

நுணலும் தன் வாயால் கெடும். ப்ளீடர் இல்லை என்று பெரியவள் ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்லவில்லை. ஃப்யூஸ் மாற்றத் தெரியாத மனுஷனுக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்? அது இல்லாமல் போனது எப்படித் தெரியும்? வெட்டியவனுக்குத்தான் தெரியும். பாவி! கட்டினவள் கை விடுவாள் என்று தெரிந்தே வெட்டி, மூடியைப் போட்டுத் திருகியிருக்கிறான். அந்தக் கையில்தான் சின்னவளைப் பிடித்துக் கொடுக்க இருந்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"போட்டேன் மாப்பிள்ளை. என் கையாலதான் போட்டேன்" என்றாள். அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "சந்தேகம்னா வந்து பாருங்களேன்" என்ற வார்த்தையும் கூடவே வந்துவிட்டது.

அவர் உள்ளே வந்தார். ஜாக்கிரதையான ஆள்தான், சுவிட்சை அணைத்து, ப்ளக்கைத் தானே பிடுங்கிக் கீழே போட்டு, கொஞ்ச நேரம் காத்தும் நின்றார். பிறகு குனிந்தார்.

"எங்கக்கா?"

"அந்த வயர் கொத்துக்கு அடியில."

இரண்டு கையாலும் கொத்தை விலக்கினார். அவர் தோளுக்கு மேலாகப் பெரியவளும் பார்த்தாள்.

இரண்டு கால்கள். நறுக்கியிருந்தன.

"தொடாதீங்க!" என்று கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

தொண்டை கிழிய இன்னொரு முறை கத்தினாள். கரண்டே இல்லாத பெட்டியில் முள் மட்டும் சாய்ந்தது.

அவர் வாய் அகலமாகத் திறந்தது. அந்த அலறலும் வெளியே வரவில்லை. முள் அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, அவர் கீழே விழுகிற வரைக்கும் எழவே இல்லை. கருகுகிற வாடை அறையை நிறைத்தது.

போலீஸோடு வந்த எலெக்ட்ரிஷியன் பெட்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பார்த்தான். ப்ளீடர் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது, கெப்பாசிட்டரில் துளி கரண்ட் இல்லை. இதயம் நின்றுபோய்விட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். "நீ பக்கத்துலதானே இருந்தே, ஒரு சத்தம் போடக்கூடாதா?" என்று சின்னவள் அவள் மடியில் விழுந்து அழுதாள். பெரியவள் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்று நிஜமாகவே கத்தினோமா என்று இப்போது அவளுக்கே நிச்சயமில்லை.

உரிமை கொண்டாட ஆளில்லாத அந்த லிமிட்டர் பெரியவளின் பட்டறைக்கே வந்து சேர்ந்தது. கரண்ட் ஓடுகிற கருவியில் வேலை செய்யும்போது இடது கையைப் பட்டறைக் கோட்டின் பைக்குள் விட்டுக்கொள்வது அவள் வழக்கம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும். லிமிட்டர் வந்த வாரத்தில் ஒரு நாள், பைக்குள் இருந்த கையை இன்னொரு கை வந்து பிடித்துக்கொண்டது. மெலிந்த விரல்கள், நுனியெல்லாம் சால்டர் சுட்ட காய்ப்பு. அன்று கோட்டைக் கழற்றி வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். பிறகு பழகிவிட்டது. பேயோடு பழகினாலும் பிரிவது கஷ்டம் என்று சும்மாவா சொன்னார்கள்? தினமும் வந்தது, பிடித்துக்கொண்டது, வேலை முடிந்ததும் விட்டது.

ஒரு வருஷம் போல ஆனது. சின்னவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள், மறுபடி பாடினாள். ஒரு மத்தியானம் பெரியவள் கோட்டுப் பைக்குள் கை விட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது பட்டறை வாசலில் வந்து நின்றாள், பக்கத்தில் ஒருவனோடு. சாதுவான முகம், தழைந்த குரல்.

"அக்கா, இவரைத்தான் சொன்னேன்ல?" என்றாள் சின்னவள், காதுவரைக்கும் சிவந்துபோய்.

"வணக்கம்க்கா. எப்பவும் உங்க பேச்சுதான் இவளுக்கு" என்று அவன் சிரித்தான்.

நல்ல பையனாகத்தான் தெரிகிறான் என்று பெரியவளுக்கு மனசு நிறைந்தது. வா தம்பி, உட்காரு என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

பைக்குள் இருந்த விரல்கள் அவள் கையை எலும்பு நோக இறுக்கின.